பின்பக்கம் முதலில் எழும் கார்

காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் சாலையில் ஒரு டீக்கடை. பதினோரு வருடமாக என்னிடம் இருக்கும் பழைய பிரெஞ்சு ஸ்டேஷன் வேகனைக் கரூரில் ஒருவருக்கு விற்கப் போய்க்கொண்டிருக்கிறேன். எஞ்சினை அணைத்தால் சஸ்பென்ஷனில் எண்ணெய் அழுத்தம் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தரையோடு படுத்துவிடும் வண்டி இது. இதற்கு உதிரிபாகம் தேடியே பாதித் தமிழ்நாட்டைப் பார்த்துவிட்டேன்.

பக்கத்து பெஞ்சில் ஒருவர் வெறும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கிறார். மாடு எங்கே என்று கேட்கிறேன்.

"சந்தையில வித்துப்போட்டனுங்க. கயித்த மட்டும் குடுக்கமாட்டமுங்க. வாங்கறவிய அவிய கயித்துலதான் புடிச்சுட்டுப் போகோணும்."

"நானும் விக்கத்தான் போறனுங்க," என்று காரைக் காட்டுகிறேன்.

"என்னங்க இது, படுத்துக் கெடக்குது?"

எஞ்சினைப் போடுகிறேன். முதலில் பின்பக்கம் மெல்ல எழுகிறது. ஒரு மூச்சு விட்டு முன்பக்கமும் எழுகிறது. அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வருகிறார்.

"ஏனுங்க, மாடாட்டத்தான் எந்திரிக்குது! குதிரைன்னா மொதல்ல முன்னங்கால ஊனித்தானுங்க எந்திரிக்கும்."

காரின் பின்பக்கத்தைத் தடவிக் கொடுக்கிறார். எதற்கு இந்தத் தொல்லை என்று கேட்காத முதல் ஆள்.

"கயித்தக் குடுத்துப்போடாதீங்க," என்கிறார்.

சிரித்தபடி எஞ்சினை அணைக்கிறேன். சாவியில் என் மனைவி என்றைக்கோ கட்டிய சிவப்புக் கயிறு அழுக்கேறி இறுகியிருக்கிறது. நகத்தால் நெம்புகிறேன். கார் மறுபடி படுக்கத் தொடங்குகிறது. முடிச்சு அவிழும்வரை அவர் பக்கத்திலேயே நிற்கிறார்.