பெரட்டுக் கொட்டகைக்கு நூறு பேர்

பாக்கியலெட்சுமிக்கு ஒரு காரியம் மனதில் விழுந்துவிட்டால், அது முடியும்வரை அவளுக்கும் தூக்கம் இல்லை, லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பிராக்காரருக்கும் தூக்கம் இல்லை. முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு வாங்கிய மறுமாதமே, நமுனுகுல மலையடியில் இருக்கும் அந்தத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் வரலாற்றுச் சங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு எதற்கு வரலாறு என்று கேட்டவர்கள் உண்டு.

"படிச்சவங்க எழுதுனதுல நம்ம லயம் எங்கயாச்சும் இருக்கா? இல்லைல்ல, அதான்" என்பாள்.

சங்கத்தில் ஆறு பேர். முதல் நிகழ்ச்சி பழம்பொருள் கண்காட்சி. அதில் நடுநாயகமாக வைத்த அம்மியை, பதினொரு மணிக்கே உரிமையாளரின் மருமகள் சம்பல் அரைக்க வேண்டும் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவது, இடிந்துபோன பழைய லயத்துக்கு நடைப்பயணம். மழை பிடித்துக்கொண்டது. போனவர்கள் அட்டைக்கடியைப் பற்றித்தான் நிறையத் தெரிந்துகொண்டு திரும்பினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சங்கத்தை மூட்டை கட்டியிருப்பார்கள். இவளோ நேரே தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்ப் பழைய பெரட்டுக் கொட்டகையைக் கேட்டாள். விடியலில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்த இடம் அது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. அதில் பழைய படங்களையும் பத்திரங்களையும் வைத்து ஊரின் வரலாற்றுக் கூடமாக்க வேண்டும் என்பது அவள் ஆசை. துரை சிங்களவர், நல்ல மனுசர்.

"நல்ல விசயம்தான். ஆனா ஆள் இல்லாத சங்கத்துக்குக் கொட்டகை எதுக்கு? ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நான் வந்து பார்க்கிறது. நூறு பேர் இருந்தா ஒங்களுக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை லொறியில உரமூட்டை வரும்."

"நூறு என்னாங்க தொரை, எரநூறு வருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். கூடப் போன சங்கச் செயலாளர் கஜேந்திரனுக்கு முகம் செத்துவிட்டது. அவர் தோட்ட ஆபீசில் கிளார்க், ஆட்களை எண்ணித் தெரிந்தவர்.

அவளிடம் திட்டம் இருந்தது. ஆபீசுப் பரணைத் துப்புரவு செய்தபோது எழுபத்திரண்டாம் வருடத்துச் செக்ரோல் என்ற தொழிலாளர் பேரேடு ஒன்று அகப்பட்டிருந்தது. இங்கிலீசில் இருந்த பேர்களைக் கஜேந்திரன் ஒரு கொப்பியில் தமிழில் எழுதித் தந்திருந்தார், மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அந்தக் காலத்துப் பெரட்டைப் போலவே அவற்றை வாசிப்பது, அந்தந்த வீட்டார் எழுந்து பதில் சொல்வது. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வாரம் லயம் லயமாக ஏறி இறங்கி அழைத்தாள். அத்தனை பேரும் வருகிறோம் என்றார்கள். நம்ம சனத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிப் பழக்கம் இல்லை, வராமல் இருந்துதான் பழக்கம்.

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கொட்டகை வாசலில் சங்கத்து ஆறு பேரும் இரண்டு நாயும் நின்றார்கள். ஊர் லுணுகலைச் சந்தைக்குப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"தம்பையாண்ணே, பெரட்டுத் தப்பு அடிங்க" என்றாள்.

அந்தக் காலத்தில் விடியலில் தப்புப் பறை அடித்துத்தான் லயத்தை எழுப்புவார்கள். அந்த அடியைத் தகப்பனிடம் கேட்டு வைத்திருந்தவர் சங்கத்தில் தம்பையா ஒருவர்தான். காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சியைக் கொளுத்தித் தப்பின் தோலைச் சூடு காட்டினார். அடித்தார். மலை திருப்பி அடித்தது. பாக்கியலெட்சுமிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

ஒன்றை மட்டும் அவள் மறந்துவிட்டாள். இந்தக் காலத்தில் தப்பு கேட்பது இரண்டுக்குத்தான், திருவிழாவுக்கும் சாவுக்கும். திருவிழா முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

முதலில் வந்தது பெரியாயி, வயது எழுபதுக்கு மேல். தலையை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். "ஆத்தாடி, யாருடி போயிட்டா?" பின்னாலேயே வெள்ளை வேட்டிகள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பையோடு திரும்பினார்கள். மேல்கணக்குக்குப் போன் போய் அங்கிருந்தும் இறங்கினார்கள். இளவட்டங்கள் கேட்காமலே பந்தல் கட்டப் படங்குத் துணியும் கயிறும் தூக்கி வந்தார்கள். கல்யாணத்துக்கு வராதவனும் எழவுக்கு வந்தாக வேண்டுமே. கஜேந்திரன் உதட்டுக்குள் எண்ணினார். தொண்ணூறு, நூறு, நூற்றிமுப்பது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்.

துரையும் வெள்ளைச் சட்டையில் வந்து தொப்பியைக் கழற்றினார். "யாரு நம்ம ஆளு?"

பாக்கியலெட்சுமிக்கு ஆள் சேர்ந்துவிட்ட சந்தோசம் ஒரு பக்கம், உண்மையைச் சொன்னால் உதைதான் என்ற பயம் மறுபக்கம். கொப்பியைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னைக்கு யாரும் சாகலைங்க. இது பழைய பெரட்டுத் தப்பு. இந்தக் கொப்பியில இருக்கவங்க எல்லாம் இந்த வாசல்ல நின்னவங்க. பாதிப் பேர் செத்துட்டாங்க, பாதிப் பேர் இந்தியா போயிட்டாங்க. வந்ததுதான் வந்தீங்க, பேரையாச்சும் கேட்டுட்டுப் போங்க."

"இதுக்கா பஸ்ஸ விட்டேன்" என்று பின்னால் ஒருவர் கறுவினார். அவள் காதில் வாங்காமல் வாசிக்கத் தொடங்கினாள். நாலாவது பேருக்கு "எங்க தாத்தா" என்று ஒரு குரல். அடுத்ததற்கு "எங்கப்பா". கறுவியவரும் தன் வீட்டுப் பேர் வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். "பெரியாயி" என்றதும் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கேங்க ஐயா" என்று கங்காணிக்குச் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்றாள். கூட்டம் சிரித்து ஆர்ப்பரித்தது. போனில் படம் பிடித்தார்கள். பாக்கியலெட்சுமியின் குரல் பேருக்குப் பேர் ஏறிக்கொண்டே போனது.

"பூவம்மா."

அதோடு குரல் நின்றுவிட்டது. வீட்டில் பத்துத் தரம் வாசித்த பேர்தான், அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பூவம்மா அவளுடைய அக்கா. எழுபத்தி நாலில் குடியுரிமை ஒப்பந்தத்தில் பேர் வந்து, புருசன் வீட்டாரோடு பதுளையில் கோச்சி ரயில் ஏறி இந்தியா போனவள். எண்பத்தொன்பதில் கோத்தகிரியில் செத்துப்போனாள். கடிதம் வந்து சேர நாலு மாதம். அதற்குமேல் யாரைக் கூப்பிட்டு அழுவது? அம்மா பீலித் தண்ணீரில் தலை முழுகிவிட்டு மறுநாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். இவளும் போனாள்.

பெரியாயிதான் முன்னால் வந்தாள். "பூவு எங்கூட ஒரே நெரையில பறிச்சவடி" என்று பாக்கியலெட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். அழவென்றே வந்த பெண்கள் சுற்றிச் சேர்ந்துகொண்டார்கள். தம்பையா யாரும் சொல்லாமலே அடியை மாற்றினார். முப்பத்தைந்து வருடம் கழித்துப் பூவம்மாவுக்கு அவள் ஊரில் சாவுத்தப்பு அடித்தது. பாக்கியலெட்சுமி வாய்விட்டு, ஆசை தீர அழுதாள்.

கூட்டத்திலிருந்து ஒருவர், "எங்க பெரியப்பாவும் அங்கதான் போனாரு. அவர் பேர் தங்கராஜா. அவருக்கும் அடிங்க" என்றார். பிறகு இன்னொரு வீட்டார் கேட்டார்கள், பிறகு இன்னொருவர். பேர் வாசித்து, அடித்து, அழுது, மணி பன்னிரண்டு தாண்டியது. இளவட்டங்கள் கொண்டுவந்த படங்கைக் கட்டியேவிட்டார்கள், வெயிலுக்கு ஆயிற்று.

துரை கஜேந்திரனைக் கூப்பிட்டு, நாளைக்கு வரும் லொறியை நிறுத்தச் சொன்னார். கொட்டகைச் சாவியையும் கையில் கொடுத்தார். கஜேந்திரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

"அக்கா, கொட்டகை கெடைச்சிருச்சு. இந்தாங்க சாவி."

பாக்கியலெட்சுமி கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"செத்த இருங்க தம்பி. தங்கராஜா வீட்டாளுங்க இன்னும் அழுது முடிக்கல."