முள் வைத்த மீட்டர்கள்

என் கணவர் முப்பது வருடம் குற்றாலத்தில் டாக்ஸி ஓட்டியவர். ஓடி ஓய்ந்த அந்தப் பழைய வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்த அன்று, அதிலிருந்த மூன்று மீட்டர்களை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேகத்துக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, இன்ஜின் சூட்டுக்கு ஒன்று. வட்டமான கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, நடுவில் முள்.

அடுத்து எங்களுக்கென்று ஒரு சின்னப் புதுக் கார் வாங்கினோம். அதில் வேகம் எண்ணாகத்தான் வரும். இரண்டு வருடம் ஒன்றும் சொல்லாமல் ஓட்டியவர், திடீரென்று பழைய மீட்டர்களை இதில் மாட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

“நம்பர் மாறிக்கிட்டே இருக்கது எரிச்சலா இருக்கு. முள்ளுன்னா ஒரு பார்வையில தெரியும்லா” என்றார்.

தென்காசியில் எங்களுக்குத் தெரிந்த கார் எலக்ட்ரீசியன் தலையைச் சொறிந்தார். “அண்ணாச்சி, இது கேபிள்ல ஓடுத மீட்டரு. புது வண்டில கேபிளே கெடையாது.”

ஆனாலும் செய்தார். மீட்டரின் உள்பாகத்தை எடுத்துவிட்டு, ஜிபிஎஸ்ஸில் வேகம் தெரிந்து முள்ளை நகர்த்தும் சின்ன மோட்டார் ஒன்றை வைத்தார். மற்ற இரண்டுக்கும் தனியாக ஒயர் இழுத்தார். எண் காட்டும் கம்பெனி போர்டைப் பிடுங்கி எறிய முடியவில்லை. அது இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாதாம். அதன் ஒயரை நீட்டி, என் சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்குள் தள்ளி மூடினார். மூன்று நாள் வேலை.

முள்ளுக்கு ஆரஞ்சு பெயிண்ட் தடிமனாக அடிக்கச் சொன்னார் இவர். உள்ளே பெரிய பல்பு போடச் சொன்னார்.

“இவ்வளவு வெளிச்சம் கண்ணு கூசும் அண்ணாச்சி.”

“கூசினா கூசட்டும், போடுமய்யா.”

நான் சிரித்தேன். வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் காரைக் காட்டி, “புதுப்பொண்ணுக்குக் கெழவி நகையைப் போட்டிருக்காரு பாருங்க” என்று சொன்னேன். அவரும் சேர்ந்து சிரித்தார். வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுகூடச் சொன்னேன்.

ஆனி மாதம், சாரல் நேரம். பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டோரம் ஓர் அம்மா மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தார். கார் நேராக அந்தக் கூடைமேல் ஏறியது. அந்த அம்மா பின்னால் துள்ளியதால் தப்பினார். பழங்கள் நசுங்கித் தார் ரோடெல்லாம் சிவப்பாகிவிட்டது.

எழுந்து வந்து கார்க் கண்ணாடியில் ஓங்கித் தட்டினார் அந்த அம்மா. “கண்ணு தெரியலயா வே உமக்கு?”

என் கணவர் கண்ணாடியை இறக்கினார். மறு கை ஸ்டியரிங்கைவிட்டு இறங்கவே இல்லை.

“தெரியலம்மா” என்றார்.

அந்த அம்மா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். முதலில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவருடைய நஷ்டத்துக்கு வழிசெய்தேன். வண்டியை எடுக்க எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். அவர் வரும்வரை நாங்கள் மழையில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

“எத்தனை நாளா?”

“ஒரு வருசம் இருக்கும். சுகரு கண்ணுக்குள்ள ரத்தத்தைக் கசிய வச்சிருக்காம். திருநெல்வேலில காட்டுனேன். ஊசி போடணும், வண்டி ஓட்டக்கூடாதுன்னாங்க. நான் போகலை.”

“நம்பரு?”

“புகையா கெடக்கும். முள்ளு எந்தப் பக்கம் சாயுதுன்னு மட்டும் பிடிபடும்.”

“என்னையும் பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டுனீங்களே! அந்தம்மா செத்திருந்தா?” என்று கத்தினேன்.

அவர் அழுதார். அவர் அம்மா இறந்தபோதுகூட அழாதவர். “வண்டியை விட்டா நான் என்னட்டி செய்வேன்? வேற என்ன தெரியும் எனக்கு?”

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மாதாமாதம் ஊசி போட்டோம். ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் நின்றது, மற்றதில் நிற்கவில்லை. அந்தக் கல்யாணப் பந்தியில் நான் சிரித்ததும், கூட அவர் சிரித்ததும் எனக்குத் தூங்கப் போகும்போதெல்லாம் ஞாபகம் வரும். ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். “நீ சிரிச்சது நல்லதுதான், யாருக்கும் சந்தேகம் வரல” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எனக்கு ஓட்டத் தெரியாது. காரைப் புளியங்குடிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தோம். அவர் கம்பெனி போர்டுதான் வேண்டும் என்றதால் எலக்ட்ரீசியன் வந்து பழையபடி மாட்டினார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று இவர் பக்கத்தில் நின்று, தடவித் தடவிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் கிளம்பியபோது வாசல்வரை வந்தார்.

“எந்தப் பக்கம் திரும்புதான்?”

“தென்காசிப் பக்கம்.”

“மூணாவது கியருக்கு இன்னும் மாத்தலையே” என்றார். சத்தம் கேட்காமல் போகும்வரை அங்கேயே நின்றார்.