சுண்டுவிரல் மட்டும் மிச்சம்

உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். கை வேகம் அப்படி. அந்த வேகமே எமனாக வந்தது. நுரைக்கு அடியில் உடைந்து கிடந்த கண்ணாடித் தம்ளரைக் கவனிக்காமல் கையை விட்டாள். வலது மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது.

"தோல் ஒட்டிக்கும். அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைச்சிருக்கேன், அது பழையபடி வேலை செய்யுமான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். செய்யவில்லை. கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர மறுத்தது. அதுவும் பக்கத்து இரண்டு விரல்களும் வெறும் மரக்கட்டை. பைக்குள் கையை விட்டால் சாவி எது, சில்லறை எது என்று தெரியாது. தட்டைப் பிடித்திருக்கிறோமா, விட்டுவிட்டோமா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறாம், அதில் மட்டும் உணர்ச்சி மிச்சம். அந்தத் தம்ளருக்குப் பெரிய மனசு!

இதை வெளியே சொல்வாளா? வீட்டில் புருஷன் படுக்கை. கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அவருடைய அக்கா எப்போது வந்தாலும் ஒரே பாட்டுத்தான்: "உன்னால முடியாது, இவனைப் பராமரிப்பு இல்லத்துல சேர்த்துடுறேன்." கை விஷயம் தெரிந்தால் அன்றைக்கே அவரை அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அதனால் புருஷனிடம்கூட "கை சரியாயிடுச்சு" என்று சாதித்துவிட்டாள் மின்னல். அவரைக் குளிப்பாட்டும்போது நைசாகச் சுண்டுவிரலை நனைத்துச் சூடு பார்ப்பாள்.

அன்றைக்கு நாத்தனார் வருவதாகப் போன். வீட்டைப் பெருக்கி, விரிப்பு மாற்றி, ஒரே பரபரப்பு. அவர் காலைக் கழுவ எடுத்த வெந்நீரில் பச்சைத் தண்ணீரைப் போதுமான அளவு விளாவ மறந்துவிட்டாள். பழைய வழக்கப்படி அந்த மரத்துப்போன விரல்கள்தான் வாளியில் இறங்கின. சுடவில்லை. அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அவரும் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரில் ஒருவருக்காவது சுட்டிருக்கக் கூடாதா, பாவிகளா! வெளியே எடுத்தபோது பாதம் செக்கச் சிவந்து, தோல் பொங்கியிருந்தது.

அவர் பாதத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"எப்போலேர்ந்துடி?"

"கண்ணாடி கிழிச்ச நாள்லேர்ந்துதாங்க" என்று அழுதாள்.

நாத்தனார் வந்ததும் கொப்புளம்தான் கண்ணில் பட்டது. "யாரு பண்ண வேலை இது?"

"நான்தான்க்கா. இவ வேலைக்குப் போயிருந்தா. நானே சுடுதண்ணிய இழுத்துக் கால்ல கொட்டிக்கிட்டேன்."

"பாத்தியா? இவ அந்தப் பக்கம் போனா உன்னைப் பார்க்க நாதியில்ல. இதைத்தானே நான் தொண்டை கிழியக் கத்துறேன்?"

பெண்டாட்டியைக் காப்பாற்றச் சொன்ன பொய், அவருக்கே வினையாக வந்து நின்றது. மின்னல் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மட்டும்? அப்போதும் கொண்டுபோகத்தான் போகிறாள். மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அப்படியே இல்லம் என்று முடிவாயிற்று. புதுச் சட்டையைப் போட்டுவிட்டாள். பொத்தான் போட வரவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

கார் ஜன்னல் வழியாக வலக்கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பிய பிறகுதான் குனிந்து கையைப் பார்த்தாள். அவர் எப்போது விட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை.