யாருக்குச் சொன்ன ஓராய்

பூசான் துறைமுகத்துக்குப் பின்னால், கண்டெய்னர் டிரெய்லர்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஹக்சுவுக்கு இருபத்தாறு வருட வேலை. பிரேக், அச்சு, பட்டை எல்லாம் கைவந்தவை. ஆனாலும் அவர் பேர் வாங்கியது குரலுக்கு. வண்டியைப் பின்னுக்கு எடுக்க "ஓராய், ஓராய்" என்று அவர் கூப்பிட்டால் ஓட்டுநர்கள் கண்ணாடியைக்கூடப் பார்ப்பதில்லை.

"ஒங்க கொரலுக்கு நங்கூரம் போட்ட கப்பலே பின்னால வரும்ணே" என்பான் கூட வேலைபார்த்த கில்நம்.

ஏப்ரலில் ஒரு காலை, ஓட்டுநர் பியோவின் டிரெய்லருக்கு அடியில் காற்றுக்கசிவு நின்றதா என்று பார்க்க மறுபடி ஊர்ந்து போனான் கில்நம். பியோவுக்கு அது தெரியாது. பிரேக்கை விடுவித்துவிட்டு, குரல் வரட்டும் என்று காத்திருந்தான். அடுத்த கொட்டகையில் வேறொரு வண்டியை ஹக்சு உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார். ஓராய். எந்த வண்டிக்கு என்று பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. இரண்டு வண்டிகளும் நகர்ந்தன. கில்நமை உயிரோடு வெளியே எடுக்க முடியவில்லை.

"பியோ வண்டிக்கு யாராவது குரல் கொடுத்தீங்களா?" என்று போலீஸ் கேட்டது.

"இல்ல" என்றார் ஹக்சு. அது உண்மைதான். அடுத்த வண்டியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நவம்பரில், தன் வழக்கில் தீர்ப்புக்கு ஒரு வாரம் இருக்கையில், பியோ பட்டறைக்கு வந்தான். லைசென்ஸ் போய், மீன் சந்தையில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தான். விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன.

"தண்டனைக்காக வரலண்ணே. காது டாக்டர் காது சுத்தமா இருக்குன்னுட்டார். இப்ப மனசு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் குடுத்திருக்கார். எனக்கு அன்னிக்குக் கேட்டுச்சா, கேக்கலயா? அத மட்டும் சொல்லுங்க."

ஹக்சு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். பியோவின் ரப்பர் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"கேட்டுது" என்றார். "நான்தான். பக்கத்து வண்டிக்கு."

பூட்ஸ் அசையவில்லை. ஹக்சு வெளியே ஊர்ந்து வந்தபோது பியோ சிரித்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது.

"அப்ப நான் பைத்தியமில்ல."

"இல்லப்பா."

"ஏழு மாசம்ணே. எம் பொண்டாட்டிகூட நம்பல." பிறகு சொன்னான்: "கோர்ட்டு இருக்கட்டும். முதல்ல கில்நம் வீட்ல சொல்லுங்க. துக்கத்துக்குப் போனப்ப எம் மூஞ்சில செருப்ப எறிஞ்சா."

கில்நமின் மனைவி துறைமுக வாசலில் சூப்புக் கடையில் வேலைபார்த்தாள். பியோவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், ஹக்சு நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். போன மாதம்கூட அவளுக்கு அரிசி மூட்டை சுமந்துபோய்க் கொடுத்தவர்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். பிறகு ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, இரண்டு கைகளாலும் பிடித்து, பியோவின் முன்னால் வைத்தாள்.

"சூடா சாப்பிடுங்க."

ஹக்சுவை அவள் உட்காரச் சொல்லவில்லை.