அருள் பதில் சொல்லவில்லை

போன வாரம் அலுவலகத்தில் யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்திருந்தார்கள். சூடேறிய தூசியின் வாசனை வந்ததும் எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. பக்கத்திலிருந்த பெண் ஏசியைக் குறைத்தாள். நானும் ஏசிதான் காரணம் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

இரண்டாயிரங்களின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் பற்றி இரண்டு நாள் வகுப்புக்குப் போய், அங்கே கொடுத்த டீ சர்ட்டை ஓயாமல் போட்டுக்கொண்டதால் கடையில் எனக்கு நிபுணர் என்று பெயர். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். மீதியை டீ சர்ட் பார்த்துக்கொண்டது.

ஒரு மதியம் கடைக்காரர், "செம்பாக்கத்துல ஒரு டீச்சரம்மா. கம்ப்யூட்டர் பாதியிலயே நின்னுக்குதாம். விண்டோஸ் போட்டுத் தரேன்னா வேணாங்கறாங்க. இன்னா பேஜார்னு போய்ப் பாருப்பா" என்றார்.

ஏரிக்குப் பக்கத்துத் தெரு. ஸ்டெல்லா டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும், தனியாக இருந்தார். கூடத்து மூலையில் துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர். போட்டதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. லினக்ஸ்தான். திரையில் நீலப் பட்டை முக்கால்வாசி நகர்ந்து, அப்படியே உறைந்துவிட்டது. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை.

அந்த அலங்காரத் திரைக்குப் பின்னால் வரிவரியாக என்ன ஓடுகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அப்படித் திரும்பவும் தொடங்கினேன். வரிகள் மளமளவென்று ஏறி ஓரிடத்தில் நின்றன. கடைசி வரி ஆங்கிலத்தில் இருந்தது: அருள் என்கிற சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். சற்றுக் கழித்து அதே வரி. பிறகு மறுபடியும்.

"டீச்சர், அருள்னா யாரு?"

அவர் திரையருகே வந்து நின்றார். "என் தம்பி. இதை அவன்தான் செட் பண்ணினான். நாவலூர்ல வேலை. போன வருஷம் பைக்ல வரும்போது..." நிறுத்திக்கொண்டார். "ஏன், அவன் பேர் வருதா?"

விஷயம் இதுதான். அருள் தன் லேப்டாப்புக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். இந்தக் கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் அந்த லேப்டாப்போடு இணைந்துகொள்ளும்படி எழுதியும் வைத்திருந்தார். அவர் போனபின் லேப்டாப்பை ஆபீசில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இது மட்டும் தினமும் எழுந்து அவரைத் தேடிவிட்டு அங்கேயே நின்றிருக்கிறது. சரிசெய்வது சுலபம். அந்த வரி இருந்த கோப்பைத் திறந்தேன்.

"அவன் பேரை அழிச்சிடுவீங்களா?"

"அழிக்கல டீச்சர். முன்னால ஒரு குறி போடறேன். கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காம தாண்டிப் போயிடும்."

தலையசைத்தார். குறியைப் போட்டேன். கம்ப்யூட்டர் முழுதாக எழுந்தது. டீச்சர் அதைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காக ஐந்து நிமிடம். "காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

காபியில் வாய் வைத்தேன். எனக்குப் பின்னால் ஓர் ஆண் குரல், "அக்கா, சுகர் மாத்திரை போட்டியா?" என்றது.

வெளியே நல்ல வெயில். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில், "இன்னும் போடலையா? பொய் சொல்லாத" என்றது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. என் தலைக்கு மேலும் அதே கிறீச்சு. டீச்சர் மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு விசையைத் தட்டினார். "ம், குட்" என்று அது சிரித்தது.

மணி பார்த்துப் பேசவும், விசையைத் தட்டினால் நிறுத்தவும் அருள் அந்தக் கூடத்திலேயே தன் குரலைப் பதிந்து எழுதிவைத்த சின்ன ஏற்பாடு என்று பிறகுதான் உறைத்தது. அப்போது டம்ளரை வைத்துவிட்டு, ஷூ நாடாவைக்கூடக் கட்டாமல் பஸ் ஸ்டாப்வரை நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

சில வருடங்கள் கழித்து கேம்ப் ரோட்டில் டீச்சரைப் பார்த்தேன். கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டேன்.

"மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சுப்பா. தரையிலதானே வச்சிருந்தேன். அதுலேர்ந்து ஒண்ணும் எடுக்க முடியலன்னுட்டாங்க. இப்ப செல்போன்ல நாலு மணிக்கு அலாரம் வச்சிருக்கேன். மணிதான் அடிக்குது."

அந்தக் கடை இப்போது இல்லை. டீச்சர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்த மதியம் என் பையில் நாலைந்து வெற்று சிடிகள் இருந்தன. ஒன்றில் அந்தக் குரலைப் பதிந்து கொடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.