ரஞ்சினி கேட்ட ஒரே ஒரு ஆள்

அன்பான சகோதரர்களே, சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். எனக்கு மார்புப் புற்றுநோய் வந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளையான எனக்கு.

என் பெயர் ஞானசீலன். ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். ஒரு பெரிய சாமான் கிட்டங்கியில் பாரம் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறேன். மனைவி ரஞ்சினி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். ஒரே மகள் ரூத் வேறு நகரத்தில் வேலையாக இருக்கிறாள். ஞாயிறு பின்னேரங்களில் ஜெர்மன் தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தும் எங்கள் தமிழ்ச் சபையில் கதிரை அடுக்குவதும் தேநீர் போடுவதும் என் ஊழியம். முன்னால் நின்று பேசுகிற ஆள் நான் இல்லை.

இந்தக் கதை மேரி அக்காவிலிருந்து தொடங்குகிறது. எங்கள் சபையில் இருந்தவர். ரஞ்சினிக்குச் சொந்த அக்கா மாதிரி. அவருக்கு மார்பில் கட்டி இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜெபித்துக்கொண்டே இருந்தார். வைத்தியரிடம் போனபோது நோய் எலும்புவரை போயிருந்தது. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ரஞ்சினி சாப்பிடவில்லை, அழவும் இல்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்து, "இனி ஒருத்தரையும் இப்பிடிச் சாக விடமாட்டன்" என்று மட்டும் சொன்னாள்.

ஐம்பது வயதானதும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெண்களுக்கு மார்புப் பரிசோதனைக்கு வரச்சொல்லி இந்த நாட்டில் கடிதம் வரும். எங்கள் சபையில் பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை என்பது ரஞ்சினிக்குத் தெரியும். அதனால் ஒரு கூட்டம் வைக்க நினைத்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் டொக்டர் பிள்ளையைப் பிடித்தாள். போதகரிடம் அனுமதி வாங்கினாள். ஒவ்வொரு வெள்ளியும் உபவாசம் இருந்து ஜெபித்தாள்.

போன வருடம் ஒக்டோபரில், ஆராதனை முடிந்த கையோடு கூட்டம். அறிவித்ததுமே ஆட்கள் கழன்றார்கள். ஒருவருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு பஸ் போய்விடும். "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, நாங்கள் ஜெபிக்கிறனாங்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. பதினொரு பெண்கள் மிஞ்சினார்கள். ஆண்களில் சமையலறைக்குள் தேநீர் போட்டுக்கொண்டிருந்த நான் மட்டும்.

மண்டபத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சாப்பாடு கொடுக்கும் ஜன்னல் ஒன்று இருக்கிறது. அது திறந்திருந்தது. நான் கேட்க விரும்பவில்லை. ஆனால் கேட்டது.

"அன்ரியாக்கள், நோகேல்லை எண்டாப்போல ஒண்டும் இல்லை எண்டு நினைக்காதேங்கோ. இது கனபேருக்கு நோகாது," என்றாள் அந்த டொக்டர் பிள்ளை. பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டு, "ஆம்பிளையளுக்கும் வரும். அபூர்வம்தான். ஆனா அவையள் வெக்கத்தில கடைசியாத்தான் வருவினம்," என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். நான் கையில் இருந்த கேத்தலைக் கீழே வைத்தேன்.

கோடை காலத்திலிருந்தே என் இடப்பக்க முலைக்காம்புக்குப் பின்னால் ஏதோ தடித்திருந்தது. வேலையில் எங்கேயோ இடிபட்டது என்று விட்டுவிட்டேன். காம்பும் உள்ளுக்கு இழுபட்ட மாதிரி இருந்தது. வயது போகிறது, உடம்பு மாறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்தது. கைக்குக் கட்டி எப்படித் தட்டுப்படும் என்று காட்டுவதற்காக அந்தப் பிள்ளை மார்பின் மாதிரி உருவம் ஒன்று கொண்டு வந்திருந்தாள். மெத்தென்ற பொருளில் செய்தது. உள்ளே கட்டிகள் ஒளிந்திருக்கும். அதைப் பெட்டிக்குள் வைத்துக் காருக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. கூச்சத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தூக்கினேன். பெருவிரல் ஓர் இடத்தில் அழுந்தியது.

எனக்குள் இருந்த அதே கல். அதே இறுக்கம். விரல் அதை அடையாளம் கண்டுகொண்டது. பெட்டியை மூட இரண்டு மூன்று தரம் முயல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் மனிதனாக இல்லை. ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வேலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கழிவறைக்குப் போய்த் தடவிப் பார்ப்பேன். திரும்பி வந்து பத்து நிமிடத்தில் மறுபடியும் போவேன். மேற்பார்வையாளர் வயிற்றுக் கோளாறா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேதாகமத்தைத் திறந்தால் ஒரே வரியை நாலு தரம் வாசிப்பேன். ஒன்றும் தங்காது. "ஆண்டவரே, இதை எடுத்துப்போடும். நாளைக் காலையில் தடவும்போது இருக்கக்கூடாது" என்று கேட்பேன். காலையில் அது இருக்கும். அப்போது தேவன்மேல் கோபம் வரும். கோபப்பட்டதற்காகப் பயம் வரும். மறுபடியும் அதே ஜெபம். மேரி அக்கா செய்ததையே நானும் செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பெண்களுக்கு வருகிற நோய் எனக்கு வந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? யாரிடம் சொல்வது?

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் உபவாச ஜெபம். ரஞ்சினியும் நானும் சபையில் இரண்டு பெண்களும். ஒருவர் பத்மா அக்கா. முழங்காலில் இருந்தோம். ரஞ்சினி ஜெபிக்கத் தொடங்கினாள். வழக்கமாக அவள் துதித்துவிட்டுத்தான் கேட்பாள். அன்று துதிக்கவில்லை.

"ஆண்டவரே, எனக்குக் கோவமாய்க் கிடக்கு. உம்மட்ட நான் பெரிசாய் ஒண்டும் கேக்கேல்லை. அந்தக் கூட்டத்தால ஒரே ஒரு ஆளுக்கு எண்டாலும் உதவி நடந்தது எண்டு காட்டும் எண்டுதான் கேட்டனான். பதினொரு பேர் வந்தினம். வடை சாப்பிட்டினம். போயிட்டினம். ஒருத்தரும் பரிசோதனைக்கு நாள் குறிச்சு டெர்மின் எடுக்கேல்லை. ஒரு ஆளையும் காட்டாமல் ஏன் பேசாமல் இருக்கிறீர்?"

அவள் அழத் தொடங்கினாள்.

"ரஞ்சி," என்றேன்.

அவள் கண் திறக்கவில்லை.

"ரஞ்சி, அந்த ஆள் நான்தான்."

என் மனம் அந்தக் கூட்டத்துப் பேச்சில் தொடப்பட்டது என்று சொல்கிறேனாக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். "ஸ்தோத்திரம், ஆனா இப்ப பேசாமல் இருங்கோவன்," என்றாள்.

"இல்லையப்பா. எனக்குத்தான் கட்டி கிடக்கு. இடப்பக்கம். கோடைக்குள்ள இருந்து."

மூன்று பெண்களும் கண்ணைத் திறந்தார்கள். ரஞ்சினி முழங்காலிலேயே நகர்ந்து வந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே என் சட்டைக்குள் கையை விட்டாள். முகம் வெளுத்தது. எழும்பி நின்றாள்.

"திங்கக்கிழமை விடிய டொக்டரிட்டப் போறம்."

"ஜெபத்தை முடிக்கேல்லையே?" என்று பத்மா அக்கா மெதுவாகக் கேட்டார்.

"ஜெபம் முடிஞ்சுது அக்கா. கேட்டதுக்குப் பதில் வந்திட்டுது. எழும்புங்கோ."

திங்கட்கிழமை எங்கள் குடும்ப வைத்தியர் தொட்டுப் பார்த்தார். கணினியில் தட்டிக்கொண்டே பேசுகிற மனிதர், அன்று தட்டவில்லை. தானே போன் எடுத்து மார்பு சிகிச்சைப் பிரிவில் அந்த வாரத்துக்கே டெர்மின் வாங்கித் தந்தார்.

அங்கே காத்திருக்கும் அறை முழுவதும் பெண்கள். "ஃப்ராவ் ஞானசீலன்!" என்று கூப்பிட்டார்கள். திருமதி ஞானசீலன் என்று அர்த்தம். நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம். தாதி ரஞ்சினியைப் பார்த்து வரச்சொன்னாள். ரஞ்சினி ஜெர்மன் மொழியில், "நான் இல்லை, இவர்," என்றாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நிரப்பத் தந்த படிவத்தில், கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது, எத்தனை தரம் கர்ப்பம் என்றெல்லாம் கேட்டிருந்தது. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். ரஞ்சினி எட்டிப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

படம் எடுத்தார்கள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் என்றார்கள். அந்த வாரம் வேலைக்கும் போக முடியவில்லை, வீட்டிலும் இருக்க முடியவில்லை. ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்பு வரை போய், இறங்காமலே திரும்பி வருவேன். எதிரில் யார் இருந்தார்கள் என்றுகூடத் தெரியாது. "ஆண்டவரே" என்று தொடங்குவேன். அதற்கு மேல் வார்த்தை வராது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே பல தடவை போய் வந்தேன்.

புற்றுநோய்தான். "ஆனால் பரவவில்லை என்று நினைக்கிறோம். இப்போது வந்தது நல்லது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்" என்று அந்தப் பிரிவின் வைத்தியப் பெண்மணி சொன்னார். டிசம்பரில் ஒப்பரேஷன். இடப்பக்க மார்பை முழுவதும் எடுத்தார்கள். அக்குளிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சுகளில் நோய் இல்லை. கீமோ தேவைப்படவில்லை. மாத்திரை மட்டும், பல வருடங்களுக்கு. தேவனுக்கு மகிமை.

ஆனால் இதற்குள் நான் செய்த பிழையையும் உங்களிடம் சொல்ல வேண்டும். சபையில் "நெஞ்சில ஒரு ஒப்பரேஷன்" என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் இருதயம் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. பத்மா அக்காவும் மற்றவரும் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஓட்ஸும் உள்ளிப்பூண்டும் கொண்டு வந்தார்கள். "தம்பி, இனித் தேங்காய்ப்பாலைத் தொடாதேங்கோ," என்று ஒரு பெரியவர் அரை மணி நேரம் புத்தி சொன்னார். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் ரஞ்சினி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மேரி அக்கா ஒளிச்சவ. அவவை நினைச்சுத்தான் நான் இந்த வேலையைத் துவங்கினனான். இப்ப என்ர வீட்டுக்குள்ளயே நீங்கள் ஒளிக்கிறியள்."

"ஆம்பிளைக்கு எப்பிடியப்பா இதைச் சொல்லுறது?"

"பொம்பிளையளுக்கு மட்டும் லேசு எண்டு நினைக்கிறியளோ?"



புதுவருடத்தின் முதல் ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். இருதயம் இல்லை என்றேன். மார்பு என்றேன். அந்தச் சொல்லை எங்கள் ஆலயத்தில் அதற்கு முன் ஒருவரும் ஒலிபெருக்கியில் சொன்னதில்லை. ஆண்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு இருந்தேன். ஒருவரும் "ஆமென்" சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே காருக்குப் போகும்போது ரவி பின்னால் வந்தான். என்னைவிடச் சில வயது இளையவன். என்னோடு கதிரை அடுக்குகிறவன்.

"அண்ணை, ஒரு நிமிஷம். என்ர மனிசிக்கு அந்தக் கடிதம் ரெண்டு தரம் வந்தது. அவவுக்கு டொச் பாஷை வாசிக்க ஏலாது. நான்தான் வாசிச்சுப் பாத்திட்டு, இது கட்டாயமில்லை எண்டு சொல்லி எறிஞ்சனான்." என் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். "கடிதம் இல்லாட்டி இனிப் போக ஏலாதோ?"

"ஏன் ஏலாது? போன் எடுத்துக் கேட்டால் புது டெர்மின் தருவினம்."

"எனக்கு எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியேல்லை அண்ணை."

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போய், அவன் பக்கத்தில் இருந்து நான் போன் எடுத்தேன். அவன் மனைவி போனாள். ஒன்றும் இல்லை என்று கடிதம் வந்தது. அதை ரவி போனில் எனக்கு வாசித்துக் காட்டினான். வாசித்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் அழுதோம்.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் பல பெண்கள் போய் வந்துவிட்டார்கள். ரஞ்சினியும் நானும் இப்போது மற்ற இடங்களுக்கும் போகிறோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள், போனோம். பக்கத்து நகரத்துக் கோயில் மண்டபத்திலும் கேட்டார்கள், போனோம். ரஞ்சினியும் டொக்டர் பிள்ளையும் பெண்களோடு கதைப்பார்கள். நான் வெளியே நிற்கிற ஆண்களைக் கூட்டி வைத்துக் கதைப்பேன். உங்கள் வீட்டுக் கடிதங்களை வாசிக்கிறவர்கள் நீங்கள்தான், எறியாதேங்கோ என்பேன். பிறகு என்னைப் பற்றிச் சொல்வேன். முன்பு நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆணுக்கு இந்த நோய் வந்தால் பரம்பரையாக வருகிறதா என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். எனக்கும் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ரூத்தை நினைத்தால் பழைய தவிப்பு திரும்பி வருகிறது. தபால்காரர் வரும் நேரம் வாசலுக்கும் குசினிக்கும் நடக்கிறேன். அவளோ, "அப்பா, தெரிஞ்சால் நல்லம். தெரியாமல் இருக்கிறதுதான் பயம்," என்கிறாள். என்னைவிட அவளுக்கு விசுவாசம் அதிகம்.

கட்டியை எடுத்துப்போடும் என்று நான் கேட்டேன். ஒரு ஆளைக் காட்டும் என்று என் மனைவி கேட்டாள். தேவன் அவளுடைய ஜெபத்தைக் கேட்டு, அதற்குள்ளேயே என்னுடையதையும் கேட்டார். வைத்தியர்களின் கையால் எடுத்தார். உயிரோடு நிற்கிறேன். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

சகோதரிகளே, வீட்டில் அந்தக் கடிதம் இருந்தால் இன்றைக்கே திறவுங்கள். சகோதரர்களே, கட்டியோ கசிவோ எதுவாக இருந்தாலும், ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு எழுந்து வைத்தியரிடம் போங்கள். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் சமையலறைப் பக்கம் வாருங்கள். காரணம் கேட்கமாட்டேன். எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.