குளியலறைத் துளையில் மாட்டிய கை

எங்கள் கோவில்பத்து வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்பதை நான் காதாலேயே கண்டுபிடித்துவிடுவேன். நல்ல நாளில் மூலைத் துளைக்குள் கொடகொடவென்று சத்தம் வரும். அடைக்கப் போகிறது என்றால் இரண்டு நாள் முன்பே அந்தச் சத்தம் மெலிந்துவிடும். மூன்றாம் நாள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதில் சீயக்காய்த்தூளும் தலைமுடியும் மிதக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பள்ளிக்கூட ஆசிரியை, கணவர் வங்கியில் வேலை. புது வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பத்துப் பதினைந்து முறை அடைத்துவிட்டது. மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினோம். சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்து விட்டோம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். யாரோ சொன்னார்கள் என்று சோடா உப்பைக் கொட்டினோம். எதற்கும் இரண்டு வாரம்தான் ஆயுள். வீட்டைக் கட்டிய கொத்தனார் அடுத்த தெருவில்தான் இருந்தார். கேட்டால், "என் குழாய்ல குத்தமே இல்ல டீச்சர். நீங்க புழங்குற வெதத்துலதான் என்னமோ இருக்கு" என்பார்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். துளைமேல் இருந்த சல்லடை மூடியை எடுத்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, முழங்கைவரை கையை உள்ளே விட்டு அள்ளுவது. அருவருப்பாக இருக்கும். ஆனால் பிடி கிடைத்து இழுத்ததும் தேங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு ஒரேயடியாக இறங்கும் பாருங்கள், அந்த சந்தோஷமே தனி. என் ஐந்து வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துச்சாம்மா? வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தண்ணீர் இறங்கியதும் இருவரும் கைதட்டுவோம். எடுத்து எடுத்து வைத்ததில் மூடியைப் பிடித்திருந்த சிமெண்ட் உதிர்ந்துபோய், அது சும்மாதான் துளைமேல் உட்கார்ந்திருந்தது. குழந்தைகூடத் தூக்கிவிடலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தால் சனிக்கிழமைக்கு மாறியிருந்தது. மகளுக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, தலைக்கு ஊற்றினேன். தண்ணீர் போகவில்லை. "இரு, சோறு வடிச்சிட்டு வந்து அள்ளுறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். கணவர் வங்கிக்குப் போயிருந்தார். சனிக்கிழமை அரை நாள் வேலை.

சோற்றுப் பானையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் குரல் கேட்டது. அழுகை இல்லை. "அம்மா, நான் புடிச்சிட்டேன்!" என்று ஒரே உற்சாகம். இரண்டு நொடி கழித்து, "அம்மா, கை வரல" என்றாள்.

ஓடினேன். குளியலறைத் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தாள். வலது கை துளைக்குள் முழங்கைக்கும் மேலே போயிருந்தது. கன்னத்தை ஒட்டி அழுக்குத் தண்ணீர். தொட்டியில் குழாய் வேறு திறந்திருந்தது, நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடினேன். அவள் தலையை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். தோளைப் பிடித்து இழுத்தேன். வீறிட்டாள். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். உள்ளே ஏதோ 'டக்'கென்று தட்டி நின்றது.

காப்பு! மூன்று வயதில் போட்ட வெள்ளிக் காப்பு. கை வளர்ந்துவிட்டதால் கழற்ற முடியாமல் கிடந்தது. போகும்போது வழி விட்டது, வரும்போது குறுக்கே விழுந்து எதிலோ மாட்டிக்கொண்டது.

என் அலறலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். கணவர் துபாயில் இருக்க, தனியாகக் குடும்பத்தைக் கட்டி ஆள்பவர். எதற்கும் கலங்காத அவரே, "யா அல்லா, புள்ள கை உள்ளயே நீலம் பாஞ்சிருமே!" என்று தலையில் கை வைத்தார். பிறகு ஒரே ஓட்டமாகப் போய்த் தேங்காய் எண்ணெய்க் குடுவையோடு வந்தார். கை மேலெல்லாம் ஊற்றினோம். அவர் தோளைப் பிடிக்க, நான் இடுப்பைப் பிடிக்க, மறுபடி இழுத்தோம். எண்ணெயில் எங்கள் கைதான் வழுக்கியது. காப்பு அசையவில்லை. குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது.

யாரோ போய்ச் சொல்லி, கொத்தனார் உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார்.

"ஒடச்சிடலாம் டீச்சர். அஞ்சு நிமிச வேல."

"குழாய ஒடச்சா சில்லு தெறிக்குமே! புள்ள கை உள்ள இருக்குய்யா!" என்றார் அக்கா.

"மெதுவாத்தான் தட்டுவேன்."

"மெதுவாத் தட்டுனா ஒடயுமா?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? நாகப்பட்டணத்துலேந்து ஆளக் கூட்டியாறதா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் சொல்ல வேண்டும். பீங்கான்போல வழுவழுவென்று இருக்கும் அந்தக் குழாய் உடைந்தால் விளிம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீடு கட்டும்போது அதன் துண்டு ஒன்றை மிதித்து என் காலே கிழிந்திருக்கிறது. ஆனால் விரல் நுனிகளில் ரத்தம் ஓடாமல் எவ்வளவு நேரம் விடுவது? "தட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தான். கேட்ட என் காதுக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் உளியைத் தரையில் ஊன்றினார்.

அப்போதுதான் பின்வாசலில், "மீனே... சங்கரா, மத்தி" என்று குரல் கேட்டது. கருக்களாச்சேரியிலிருந்து தினமும் வரும் மீன்காரம்மா. சத்தத்தைக் கேட்டுக் கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னா டீச்சரம்மா, கல்யாணக் கூட்டமா இருக்கு?" என்றவர் குழந்தையைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "ஏய், உளிய எடு. எடுங்குறேன்! யாரு புள்ளைய இழுத்தது?"

"எல்லாரும்தான் இழுத்தோம்" என்றேன்.

"படிச்சவங்கதானே நீங்க? வலையில தலயக் குடுத்த மீனப் பின்னால இழுத்தா வருமா? செவுளு மாட்டி அறுந்துல்ல போவும். முன்னால தள்ளித்தான் எடுக்கணும். நவுருங்க."

சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "யாத்தா, கைய இன்னும் கொஞ்சம் உள்ள வுடு பாப்பம். ஆழமா, ஆழமா. ஆங், அப்டித்தான்" என்றார்.

உள்ளேயா! இவ்வளவு நேரம் வெளியே வர வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருக்கிறோம், இவர் இன்னும் உள்ளே தள்ளுகிறார். தடுக்கப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார்.

குழந்தையின் தோள் துளை விளிம்பைத் தொட்டது. மீன்காரம்மா இரண்டு விரலை அவள் கையை ஒட்டியே உள்ளே நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் எதையோ கேட்பதுபோல் இருந்தது. "ம்... இங்க ஒரு முள்ளு நிக்கிது. அதுலதான் வளையம் ஏறிக் குந்திருக்கு. படு... படுத்துக்க... ஆங், படுத்துடுச்சி. இப்ப தானா எடு தாயி, மெதுவா."

வந்தது! முழங்கை வந்தது, காப்பைக் கையோடு சேர்த்து அழுத்தியபடி அவர் விரல்கள் வந்தன, மணிக்கட்டு வந்தது. கடைசியாக இறுக மூடிய ஒரு குட்டி முட்டி. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. அவ்வளவு அழுகையிலும் அவள் அதை விடவில்லை.

அதே நேரம் துளைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! கொடகொடவென்று, வருடக்கணக்கில் அடக்கி வைத்ததுபோல. தேங்கியிருந்த தண்ணீர் எல்லோர் காலையும் சுற்றிச் சுழித்துக்கொண்டு இறங்கியது. "போவுது! போவுது!" என்று கொத்தனார் கத்தினார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நான் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து, ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மீன்காரம்மா அந்தக் கட்டியை விரலால் நசுக்கி மோந்து பார்த்தார்.

"சோத்துக் கஞ்சி. உள்ள மணலு. கஞ்சிய இதுலயா ஊத்துறீங்க?"

ஆமாம். போலகத்தில் அம்மா வீட்டில் வடித்த கஞ்சி மாட்டுக்குப் போகும். இங்கே மாடு இல்லை, அதனால் துளைக்குள் ஊற்றினேன். அங்கே விறகடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்குவோம். இங்கே மண்ணெண்ணெய் ஸ்டவ், சாம்பலுக்கு எங்கே போவது? கடற்கரை மணலைச் சாக்கில் வாங்கி வைத்து அதே மூலையில் துலக்கினேன். குடிவந்த நாளிலிருந்து நானே கலவை போட்டுக் குழாயைப் பூசிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சொன்னேன்ல, என் குழாய்ல குத்தமே இல்லன்னு" என்றார் கொத்தனார்.

"போய்யா. இணைப்புல நீ வழிச்சு வுடாத சிமெண்ட்டுதான் முள்ளா நிக்கிது. அதுதான் புள்ளையப் புடிச்சிச்சு" என்றார் மீன்காரம்மா. கொத்தனார் உளியை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை அவரே வந்து அந்தக் குழாய்த் துண்டை மாற்றிப் போட்டார்.

அன்று அவர்கள் பேசிக்கொண்டதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. குழந்தையின் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் சிவப்பு வளையமாகத் தடம். "கட்டை விரல மடக்கு. ஆள்காட்டி விரல மடக்கு. இப்ப நீட்டு." ஐந்தும் மடங்கின, ஐந்தும் நீண்டன. நம்பிக்கை வராமல் மறுபடி கேட்டேன். மதியம் கணவர் வந்ததும் அவர் முன்னால் ஒருமுறை. பிறகு ஆஸ்பத்திரியில், டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் ஒருமுறை.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி தின்றுகொண்டிருந்தவளிடம் மறுபடி, "கட்டை விரல மடக்கு" என்றேன்.

அவள் அந்தக் கையாலேயே ஒரு விள்ளலைப் பிய்த்து என் வாயில் திணித்தாள். "நல்லாத்தாம்மா இருக்கு. நீ சாப்புடு."

எனக்குத்தான் முந்தின நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்பதை அவள் கவனித்திருக்கிறாள்.